பதிவேட்டின் முதற்பெயர்: தீர்ப்பும் இரக்கமும் குறித்து

பிறரைக் குற்றவாளி என்று தீர்க்கலாகாது என்னும் கட்டளை, மத்தேயு எழுதிய நற்செய்தியின் 7ஆம் அதிகாரத் தொடக்கத்தில், மலைப்பிரசங்கத்தின் ஒரு பகுதியாக வருகிறது. இயேசுவின் போதனைகளுள் கிறிஸ்தவர் அல்லாதாரும் நன்கு அறிந்த கட்டளை இது. கிறிஸ்தவச் சபைகளுக்குள்ளேயே மிக எளிதாக மீறப்படும் கட்டளையும் இதுவே. இக்கட்டளை எதை விலக்குகிறது, விலக்கியதன் இடத்தில் எதை வைக்கச் சொல்கிறது, தீமையைத் தீமை என்று சொல்லும் கடமையோடு அது எவ்வாறு பொருந்தும் என்னும் மூன்று கேள்விகளும் இறையியலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றன. அவற்றைக் கருத்தளவில் மட்டும் வைத்துப் பார்ப்பதைவிட, வாழ்ந்து மறைந்த ஒருவரின் வாழ்வில் வைத்துப் பார்ப்பது கூடுதல் தெளிவைத் தரும். தாமிரபரணிக் கரையில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் வேரூன்றிய வரலாற்றின் முதல் பக்கத்திலேயே அத்தகைய வாழ்வு ஒன்று இருக்கிறது. 1780ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைச் சபைக்கென எழுதப்பட்ட பதிவேட்டில் இடம்பெற்ற 40 பெயர்களுள் முதலாவதாக நின்றது, முன்னொரு காலத்தில் ஞானஸ்நானம் கேட்டு மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் பெயர்.

அப்பெண்ணின் வரலாற்றுக்குச் செல்லுமுன், கட்டளையில் வரும் சொல்லை ஆராய வேண்டும். தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் வேதாகமம், இவ்விடத்தில் 'குற்றவாளி என்று தீர்த்தல்' என்னும் தொடரை ஆள்கிறது. 'தீர்' என்னும் தமிழ் வேர்ச்சொல்லுக்கு முடிவுறுதல், முடிவுறச் செய்தல் என்பன பொருள். குதிரில் நெல் தீர்ந்தது, கடன் தீர்ந்தது, வழக்கு தீர்ந்தது என்று பேசும்போது, இனி அதில் நடக்க ஏதும் எஞ்சவில்லை என்பதே கருத்து. தீர்ப்பு என்னும் பெயர்ச்சொல்லும் இவ்வேரிலிருந்தே பிறந்தது. எனவே ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பது அவர் செய்த செயலைத் தவறு என்று சொல்வதோடு நின்றுவிடுவதில்லை. அவரைப் பற்றி அறிய வேண்டியது அனைத்தும் அறியப்பட்டுவிட்டது, அவர் இனி வேறொருவராக மாற இடமில்லை என்று அவர் வாழ்வுக்கு முற்றுப்புள்ளி வைப்பதாகவும் அது ஆகிவிடுகிறது. ஒரு மனிதரின் வாழ்வை முழுதும் கண்டவர் கடவுள் ஒருவரே என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை நம்பிக்கை ஆதலால், பிறரை இவ்வாறு முடித்துவைக்கும் மனிதர் கடவுளின் இருக்கையில் அமரத் துணிந்தவராகிறார். கட்டளை தடுப்பது இத்துணிவையே.

மூலநூலின் கிரேக்க மொழியில் இவ்விடத்தில் உள்ள வினைச்சொல் 'கிரினோ' என்பதாகும். பிரித்தறிதல், முடிவு செய்தல், வழக்காடுதல், தண்டனை விதித்தல் எனப் பல பொருள்களை அச்சொல் தாங்குகிறது. இவை அனைத்தையும் இயேசு விலக்கினார் என்று கொள்வதற்கு இடமில்லை. ஏனெனில் அதே அதிகாரத்தில், கள்ளத் தீர்க்கதரிசிகளை அவர்களுடைய கனிகளைக் கொண்டு அறிந்துகொள்ளுமாறு அவர் எச்சரிக்கிறார், யோவான் நற்செய்தியிலோ தோற்றத்தைப் பாராமல் நீதியின்படி முடிவு செய்யுமாறு கேட்கிறார். எனவே நன்மை தீமைகளைப் பகுத்தறிதல் வேறு, மனிதரைத் தீர்த்துவிடுதல் வேறு என்னும் பாகுபாடு நற்செய்திக்கு உள்ளேயே இருக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் ஒருவர் தம்மைத் தாமே சோதித்தறிவதைப் பற்றிப் பேசும் இடத்தில், தமிழ் வேதாகமம் 'நிதானித்தல்' என்னும் சொல்லை ஆள்வது இவ்வகையில் மிகப் பொருத்தமானது. பேச்சுவழக்கில் நிதானம் என்பது அவசரமின்மையைக் குறிக்கிறது. வண்டி ஓட்டுபவரிடமும் கோபம் கொண்டவரிடமும் வேண்டிக்கொள்ளப்படுவது அதுவே. பகுத்தறிவதற்குக் காலம் வேண்டும், பொறுமை வேண்டும், முதலில் தன்னைச் சோதிக்கும் நேர்மை வேண்டும் என்பன அனைத்தும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. தீர்ப்பதற்கு இவற்றுள் எதுவும் தேவைப்படுவதில்லை.

தீர்ப்பின் இடத்தில் வைக்கப்படுவது இரக்கம். இரங்குதல் என்பது தமிழின் மிகப் பழைய உணர்வுச் சொற்களுள் ஒன்று. சங்க இலக்கண மரபில் நெய்தல் திணையின் உரிப்பொருளாக இரங்கல் வைக்கப்பட்டுள்ளது. அங்கு அது பிரிவால் வருந்தும் நெஞ்சின் புலம்பலைக் குறிக்க, பிற்காலத்தில் பிறர் துன்பம் கண்டு தன் நெஞ்சு வருந்துவதை அச்சொல் பெரிதும் குறிக்கலாயிற்று. மேலிருந்து கீழே நோக்கும் ஆதரவு மனநிலையை இரக்கம் என்று கருதும் இன்றைய வழக்கு இவ்வேரிலிருந்து விலகியது. தன் துயரும் பிறர் துயரும் ஒரே சொல்லில் கலப்பதையே அவ்வேர் காட்டுகிறது. நற்செய்தி நூல்கள் இயேசுவின் இரக்கத்தைக் குறிக்க ஆளும் கிரேக்க வினைச்சொல், குடல் முதலான உள்ளுறுப்புகளைக் குறிக்கும் 'ஸ்பிளாங்னா' என்னும் பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. எபிரேய மொழியில் இரக்கத்தைக் குறிக்கும் 'ரஹமீம்' என்னும் சொல், கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்னும் சொல்லோடு உறவுடையது. இவை தமிழ் வாசகருக்கு அயலானவை அல்ல. பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்த செய்தி கேட்ட தாயைப் பற்றிப் பேசும்போது, பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்றுதான் தமிழரும் சொல்கின்றனர். பிறர் துன்பத்தை மூளை அறியும் முன்பே வயிறு அறிந்துவிடுகிறது என்னும் அனுபவம் மூன்று மொழிகளிலும் சொல்லாக உறைந்து கிடக்கிறது.

லூக்கா நற்செய்தியில் இக்கிரேக்க வினை 3 இடங்களில் மட்டும் வருகிறது: நாயீன் ஊரில் ஒரே மகனை இழந்த விதவையை இயேசு கண்டபோது, வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைச் சமாரியன் கண்டபோது, சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகனைத் தந்தை தொலைவிலேயே கண்டபோது. மூன்று இடங்களிலும் முதலில் நிகழ்வது காணுதல். மூன்று இடங்களிலும் தமிழ் வேதாகமம் அதனை மனதுருகுதல் என்று பெயர்த்துள்ளது. தமிழ்ப் பக்தி மரபில் உருகுதல் என்பது இறைவன் முன் அடியவருக்குரிய நிலை. கல்நெஞ்சும் கரைந்து நீராக வேண்டும் என்பதே சைவ, வைணவ அடியார்களின் வேண்டுதல். வேதாகமத் தமிழில் அந்தச் சொல்லின் திசை மாறி, மனிதர் முன் உருகி நிற்பவர் இறைவனின் மைந்தராகிறார். தீர்ப்பளிக்க முற்றுரிமை உடையவர் உருகி நிற்க, அவ்வுரிமை சிறிதும் இல்லாதவர்கள் இறுகி நிற்பது பொருந்துமா என்பதே கிறிஸ்தவ மனச்சான்றின் முன் இச்சொல் வைக்கும் கேள்வி.

இக்கேள்வி பாளையங்கோட்டையில் உடலும் உயிருமாக வந்து நின்றது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அக்காலத்தில் பாளையங்கோட்டை, கோட்டை மதிலுக்குள் ஆங்கிலேயப் படை தங்கியிருந்த ஊர். அங்கு லிட்டில்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரியோடு, தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த மராத்திய அந்தண விதவை ஒருவர் வாழ்ந்து வந்தார். கோகிலா என்பது அவருடைய முற்பெயர் என்றும், கணவன் இறந்தபோது சிதையேற இருந்த அவரை அந்த அதிகாரியே காப்பாற்றினார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதிகாரி அவருக்கு ஆங்கிலமும் கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைகளும் கற்பித்தார்; மணந்துகொள்வதாக வாக்களித்திருந்தும் மணம் நிகழவில்லை. அவ்விதவை, தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் பணியாற்றி வந்த கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் என்னும் ஜெர்மானிய மிஷனெரியிடம் ஞானஸ்நானம் வேண்டினார். ஞானஸ்நானம் என்பது நீரால் கழுவித் திருச்சபையின் உறுப்பினராக ஒருவரை ஏற்கும் திருச்சடங்கு. மணமாகாத நிலையில் அதிகாரியோடு அவர் வாழ்ந்து வந்ததால், சுவார்ட்ஸ் அதற்கு இசையவில்லை.

அதிகாரி இறந்த பின்னர், 1778ஆம் ஆண்டில் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அவ்விதவை மீண்டும் வேண்டினார். இம்முறை ஞானஸ்நானம் அளிக்கப்பட்டு, கிளாரிந்தா என்னும் பெயர் சூட்டப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் சபை 40 பேராக வளர்ந்தது. கிளாரிந்தாவின் முயற்சியால் கோட்டைப் பகுதியில் ஓர் ஆலயம் எழுந்து, 1785இல் சுவார்ட்ஸின் கையாலேயே அர்ப்பணம் செய்யப்பட்டது. சபைக்கு உபதேசியார் ஒருவர் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் சத்தியநாதன் என்பவர் அனுப்பப்பட்டார். உபதேசியார் என்பது குருப்பட்டம் பெறாமல் சபையை நடத்தும் பணியாளருக்குத் திருநெல்வேலிச் சீமையில் வழங்கும் பெயர். சத்தியநாதன் 1790இல் குருவாக அபிஷேகம் பெற்றார். 1799இல் முதலூர் என்னும் முதல் சீர்திருத்தக் கிறிஸ்தவக் குடியிருப்பு தோன்றியதும், 1820இல் ரேனியஸ் என்னும் மிஷனெரி பாளையங்கோட்டைக்கு வந்ததும், அதன் பின் ஊர் ஊராகச் சபைகள் பெருகியதும் இத்தொடக்கத்தின் தொடர்ச்சியே. பேராயர் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட, திருநெல்வேலி மிஷனின் ஆரம்பகால வரலாற்று நூலில் இவ்விதவைக்கு முக்கிய இடம் உண்டு. பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா என்னும் நாவலாசிரியர், கிறிஸ்தவர் அல்லாதவராக இருந்தும், 1915இல் 'கிளாரிந்தா' என்னும் பெயரிலேயே ஆங்கிலத்தில் ஒரு வரலாற்று நாவல் எழுதினார்.

சுவார்ட்ஸ் முதலில் மறுத்தது சரியா என்பது எளிதில் விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று. சொல்ல முனைபவர், சுவார்ட்ஸையே தீர்த்துவிடும் அபாயத்துக்கும் உள்ளாகிறார். அவர் தரப்பை முதலில் நிதானித்துப் பார்ப்பது முறை. அவர் ஹாலே நகரின் பயட்டிச மரபில் பயின்று, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தவர்; பயட்டிசம் என்பது சடங்கைவிட உள்ளத்தின் மாற்றத்தையும், அம்மாற்றத்துக்குச் சான்றாக ஒழுக்கத்தையும் வற்புறுத்திய லூத்தரன் சமய இயக்கம். படைமுகாம்களில் ஐரோப்பிய அதிகாரிகள் இந்நாட்டுப் பெண்களை மணமின்றி வைத்துக்கொள்வது பரவலாக இருந்த காலத்தில், அத்தகைய வாழ்வு தொடரும்போதே ஞானஸ்நானம் அளிப்பது, அந்த வழக்கத்தைச் சபை ஏற்றுக்கொண்டதாகத் தோன்றும் என்று அவர் அஞ்சியிருக்கக்கூடும். அந்த அச்சத்தில் நியாயம் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் அவ்வழக்கத்தால் பாதிக்கப்பட்டவர்கள் பெண்களே.

ஆயினும் மறுக்கப்பட்டவரின் நிலையிலிருந்து பார்க்கும்போது வேறொன்று புலப்படுகிறது. சிதையிலிருந்து மீட்கப்பட்டார் என்னும் மரபுச் செய்தியை ஒதுக்கி வைத்தாலும், அந்நியரோடு வாழ்ந்த அந்தண விதவைக்குப் பிறந்த வீட்டின் கதவோ புகுந்த வீட்டின் கதவோ திறந்திருக்க வழியில்லை. விதவை மறுமணத்துக்குச் சட்டம் இடமளித்தது 1856இல்தான். உடன்கட்டை ஏறுதல் சென்னை மாகாணத்தில் தடை செய்யப்பட்டதே 1830இல்தான். ஞானஸ்நானம் பெறாத ஒருவரைத் திருச்சபையின் சடங்குப்படி மணமுடித்து வைப்பது அக்காலச் சபைகளில் எளிதான காரியம் அன்று. மணமாகாமல் வாழ்ந்தவருக்கு ஞானஸ்நானமும் இல்லை. ஒரு கதவின் திறவுகோல் மற்றொரு கதவுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. வாக்களித்த அதிகாரி வாக்கை நிறைவேற்றாதது அவருடைய குற்றமாக இருக்க, அதன் தண்டனை அப்பெண்ணின் வழிபாட்டு உரிமையின் மேல் விழுந்தது. வழங்கி வரும் வரலாற்றில் மறுக்கப்பட்டவராகப் பேசப்படுவது அவர் ஒருவரே. அதிகாரியின் நடத்தையைச் சபை எவ்வாறு கேள்விக்கு உட்படுத்தியது என்பது பேசப்படுவதில்லை.

யோவான் நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தில், விபசாரத்தில் பிடிபட்டதாக ஒரு பெண் இயேசுவின் முன் கொண்டுவரப்படும் பகுதி இங்கு நினைவுக்கு வருவது இயல்பு. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இப்பகுதி காணப்படவில்லை என்பது ஆய்வாளர் ஒப்பும் உண்மை. எனினும் இயேசுவின் மனத்தை உள்ளவாறு காட்டுவது என்று திருச்சபை அதனைப் போற்றி வந்திருக்கிறது. மோசேயின் நியாயப்பிரமாணம் இக்குற்றத்துக்கு ஆண், பெண் இருவருக்கும் ஒரே தண்டனையை விதித்திருந்தும், அங்கே கொண்டுவரப்பட்டவர் பெண் மட்டுமே. நியாயத்தின் பெயரால் கல்லெடுத்தவர்கள், கல்லெடுக்கு முன்பே நியாயத்தைப் பாதியாகப் பிளந்துவிட்டிருந்தனர். பாவமில்லாதவரே முதற்கல்லை எறியட்டும் என்னும் கருத்துப்பட இயேசு சொன்னதும், முதியோர் தொடங்கி அனைவரும் விலகிச் செல்கின்றனர். அதன்பின் அவர் அப்பெண்ணைத் தாமும் தண்டனைக்கு உரியவளாகத் தீர்ப்பதில்லை என்று அறிவித்து, இனிப் பாவம் செய்யாதிருக்குமாறு சொல்லி அனுப்புகிறார்.

இப்பகுதியில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அவ்விரு கூற்றுகளின் வரிசை. திருந்தினால் விடுதலை என்னும் வரிசையே மனித வழக்கம். இங்கோ விடுதலை முந்துகிறது, திருந்துமாறு சொல்லும் சொல் அதைப் பின்தொடர்கிறது. இளைய மகன் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பு வேண்டுதலைச் சொல்லி முடிக்கும் முன்பே தந்தை ஓடிச்சென்று கட்டிக்கொள்வதும், வரிவசூலிப்பவனான சகேயு ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்லும் முன்பே இயேசு தாமாகவே அவன் வீட்டில் தங்குவதாக அறிவித்துவிடுவதும் இதே வரிசையில் அமைந்தவை. தகுதி நோக்காமல் முந்திக்கொண்டு வரும் இத்தயவையே கிறிஸ்தவ இறையியல் கிருபை என்னும் சொல்லால் குறிக்கிறது. மனிதர் தம் செயல்களால் அன்றிக் கிருபையால் நீதிமான்களாக ஏற்கப்படுகின்றனர் என்பதே சுவார்ட்ஸ் வளர்ந்த லூத்தரன் மரபின் அடித்தளமும் ஆகும். அந்த அடித்தளத்தை வைத்துப் பார்க்கும்போது, 1778க்கு முந்தைய மறுப்பில் வரிசை மாறியிருந்தது என்று சொல்வதே நேர்மை. அங்கே வாழ்வு திருந்துவது முதலிலும் ஏற்கப்படுவது பின்னரும் வைக்கப்பட்டன. அதிலும் வாழ்வு திருந்தும் வழி அப்பெண்ணின் கையில் இருக்கவில்லை. ஓர் ஆணின் மரணமே அக்கதவைத் திறந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, சுவார்ட்ஸுக்கு உரிய நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் மறுத்தார், ஆனால் தீர்க்கவில்லை. முன்பு இவ்வாறு வாழ்ந்தவர் என்று சுட்டிக்காட்டி 1778இலும் கதவடைத்திருக்கலாம். அவ்வாறு செய்திருந்தால் அக்காலச் சமூகத்தில் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவரோ ஞானஸ்நானம் அளித்ததோடு நில்லாமல், முன்பு எவருக்கு மறுத்தாரோ அவர் முன்னின்று எழுப்பிய ஆலயத்தில் நின்று அதனை அர்ப்பணம் செய்தார், அவர் கேட்டபடி பணியாளரையும் அனுப்பிவைத்தார். ஒரு பெண்ணின் கடந்தகாலம், அவர் சபைத் தலைமை ஏற்பதற்குத் தடையாக வைக்கப்படவில்லை. மறுப்பு என்பது ஒத்திவைப்பாக இருக்கும் வரை அதற்குப் பின்னால் ஒரு வழி உண்டு. தீர்ப்பாக இறுகும்போது வழியும் மூடிவிடுகிறது. சுவார்ட்ஸின் கடுமையிலும் ஒரு வழி மூடப்படாமல் இருந்தது. அந்த வழியே கிளாரிந்தா வந்தார். அவர் பின்னால் ஒரு திருச்சபை வந்தது.

ஊர் நினைவு இவ்வரலாற்றைத் தன் வழியில் காத்து வைத்திருக்கிறது. கிளாரிந்தா கட்டிய ஆலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று மக்கள் அழைத்து வந்துள்ளனர். அவர் வெட்டுவித்தது என்று ஒரு கிணற்றைப் பற்றியும் பேச்சு உண்டு. அதிகாரியின் பெயரோ, அவரோடு வாழ்ந்த வாழ்வோ அவ்வழக்கில் இடம்பெறவில்லை. எதனால் அவர் ஒருகாலத்தில் மறுக்கப்பட்டாரோ அதனை ஊர் தன் வழக்கிலிருந்து உதிர்த்துவிட்டு, அவர் கொடுத்ததை மட்டும் பெயராக வைத்துக்கொண்டது. ஆனாலும் அப்பெயரில் சாதி ஒட்டிக்கொண்டிருப்பதை மறைப்பதற்கில்லை. ஒருவர் பிறக்கும் முன்பே அவரைப் பற்றி எழுதி முடிக்கப்படும் தீர்ப்பு என்று சாதியைச் சொல்லலாம். செயலை விசாரித்து அளிக்கப்படும் தீர்ப்பைவிடக் கொடியது அது, ஏனெனில் அதற்குச் செயலே தேவையில்லை. சபைகளில் சாதி வேறுபாடு அறவே நீங்க வேண்டும் என்று பேராயர் வில்சன் 1833இல் சுற்றுமடல் அனுப்பியும், அந்தத் தீர்ப்பு தமிழ்க் கிறிஸ்தவத்திலிருந்து இன்றும் முழுவதும் நீங்கவில்லை என்பதைத் துயரத்தோடு ஒப்புக்கொள்ளாமல் இரக்கத்தைப் பற்றிப் பேசுவது நிறைவாகாது.

பிறவியையே தீர்ப்பாக வாசிக்கும் மனப்பாங்கு உடற்குறையின் முன்னும் தலைகாட்டுகிறது. யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், அது அவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்கின்றனர். துன்பப்படுபவரைக் கண்டதும் உதவியை நினைக்கு முன் காரணத்தைத் தேடுவதும், காரணம் கிடைத்துவிட்டால் உதவும் கடமை நீங்கிவிட்டதாக எண்ணுவதும் எல்லாச் சமயத்தாரிடமும் காணப்படும் பழக்கம். முன்வினை என்று சொல்லித் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பார்வையற்ற, செவித்திறனற்ற குழந்தைகள் ஒதுக்கி வைக்கப்பட்டதும் உண்டு. இருவர் பாவமும் அன்று என்று இயேசு அக்கேள்வியையே தள்ளிவிட்டு, அவனுக்குப் பார்வை தரும் வேலையில் இறங்குகிறார். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்றோருக்குத் தொடங்கிய பள்ளியும், சுவென்சன் அம்மையார் 1897இல் செவித்திறன் அற்றோருக்குத் தொடங்கிய பள்ளியும் இந்த அதிகாரத்துக்குச் செயலால் எழுதப்பட்ட விரிவுரைகள். ஏன் இவ்வாறு பிறந்தாய் என்று கேட்கப்பட்டு வந்த குழந்தையிடம், என்ன படிக்க விரும்புகிறாய் என்று முதன்முறையாகக் கேட்டபோது, அக்குழந்தையின் மேல் எழுதப்பட்டிருந்த தீர்ப்பு அழியத் தொடங்கியது.

இரக்கத்தை இவ்வாறு உயர்த்திப் பேசினால் நீதி தளர்ந்துவிடாதா என்னும் எதிர்வாதம் வலிமையானது. அதனைத் தட்டிக் கழிக்கக் கூடாது. தீர்க்காதிருங்கள் என்னும் வசனத்தைத் தவறு செய்த வலியவர் தமக்குக் கேடயமாகப் பிடிப்பதும், பாதிக்கப்பட்டவரின் வாயை அதே வசனத்தால் அடைப்பதும் சபைகளிலும் குடும்பங்களிலும் நிகழ்கின்றன. அடிக்கும் கணவனை மன்னித்து வாழுமாறு மனைவிக்குப் புத்தி சொல்வது, குழந்தைக்குத் தீங்கிழைத்தவரைச் சபையின் நற்பெயர் கருதி மறைப்பது, கணக்கில் கைவைத்தவரைக் கேள்வி கேட்பவரை அன்பில்லாதவர் என்று குறைகூறுவது ஆகிய எவையும் இரக்கம் ஆகமாட்டா. உள்ளுறுப்பு எரிவதே இரக்கம் என்றால், அது முதலில் எரிய வேண்டியது அடிபட்டவருக்காகவே. வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனை விட்டுவிட்டுக் கள்ளருக்காக உருகும் சமாரியனை இயேசு படைக்கவில்லை. தவறைத் தவறு என்று அறிவிப்பதும், தீங்கு தொடராதபடி தடுப்பதும், சட்டத்தின் முன் நிறுத்த வேண்டியவரை நிறுத்துவதும் பகுத்தறிதலின் பகுதிகள். அவற்றைச் செய்யும்போதும், செய்த குற்றமே அம்மனிதரின் முழுப்பெயர் என்று எழுதிவிடாதிருப்பதே கட்டளை கேட்பது. சிறைக்குச் சென்று கைதியைப் பார்ப்பதைத் தம்மையே பார்ப்பதாக ஏற்பதாக மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும்போது, அக்கைதி குற்றமற்றவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கவில்லை.

மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் வரும் கோதுமையும் களையும் பற்றிய உவமை இவ்விடத்தில் துணை செய்கிறது. களையை உடனே பிடுங்கட்டுமா என்று கேட்கும் வேலையாட்களிடம், பயிரும் சேர்ந்து பிடுங்கப்பட்டுவிடும் ஆதலால் அறுப்புவரை பொறுத்திருக்குமாறு நிலத்துக்கு உரியவர் சொல்கிறார். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்னும் இரு போகமும் நெல் விளைவிப்போருக்கு இவ்வுவமை விளக்கமின்றியே புரியும். நெற்பயிரோடு நெற்பயிராய்ப் பச்சை காட்டி நிற்கும் களைப்புல்லை இளம் பருவத்தில் பிரித்தறிவது தேர்ந்த கண்ணுக்கும் கடினம், கதிர் வந்த பிறகே ஐயம் தீரும். மனிதரோ கதிர் வரும் வரை ஒரே நிலையில் நிற்கும் பயிரும் அல்லர். நேற்று களை என்று எண்ணப்பட்டவர் நாளை ஊருக்குச் சோறாவதும் உண்டு. 1778க்கு முன் பிடுங்கி எறியப்பட்டிருந்தால், பாளையங்கோட்டைச் சபையின் முதல் கதிர் விளைந்திருக்காது.

அன்றாட வாழ்வில் இக்கட்டளை மீறப்படுவது பெரும்பாலும் வழக்குமன்றத்திலோ சபைக் கமிட்டியிலோ அன்று. ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கும் கால்மணி நேரத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், தொலைபேசி உரையாடலில் அது நடக்கிறது. வேறு சாதியில் மணம் செய்துகொண்ட மகள், மணமுறிவு பெற்ற ஆசிரியை, குடிப்பழக்கத்தில் விழுந்த அண்ணன், கடன்பட்டு ஊரைவிட்டுப் போன குடும்பம் ஆகியோர் தம் தரப்பைச் சொல்ல அங்கே இல்லாதபோதே வழக்கு தொடங்கி முடிந்தும்விடுகிறது. பிறர் குற்றத்தைக் காண்பதுபோல் தம் குற்றத்தையும் காண வல்லவர்க்குத் தீங்கு உண்டோ என்னும் கருத்தைத் திருவள்ளுவர் புறங்கூறாமை அதிகாரத்தின் இறுதிக் குறளாக வைத்திருப்பது எண்ணத் தக்கது. தன் கண்ணில் உத்திரம் இருக்கப் பிறர் கண்ணின் துரும்பை நாடுவது பற்றிய இயேசுவின் உவமையும் அவ்விடத்துக்கே வந்து சேர்கிறது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த மோசே என்னும் துறவி, முன்பு கொள்ளையராக இருந்தவர். தவறு செய்த ஒரு சகோதரரை விசாரிக்கக் கூடிய அவைக்கு அழைக்கப்பட்டபோது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பி முதுகில் சுமந்துகொண்டு அவர் சென்றதாகவும், தம் குற்றங்கள் தமக்குப் பின்னால் இவ்வாறு ஒழுகிக்கொண்டிருக்க அவற்றைக் காணாமல் பிறர் குற்றத்தைத் தீர்க்க வந்ததாகச் சொன்னதாகவும், அதைக் கேட்டு அவையோர் அச்சகோதரரை மன்னித்ததாகவும் துறவியர் மரபு கூறுகிறது.

திருநெல்வேலிச் சபைகளுக்கு இக்கட்டளையைக் கைக்கொள்வதற்கான வடிவம் ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை நடக்கும் அசனப் பண்டிகையில், சபையார் கொடுத்த அரிசியும் காய்கறியும் கறியும் ஒரே அடுப்படியில் வேக, வந்தவர் அனைவரும் பந்தியில் அமர்ந்து உண்கின்றனர். பாவிகளோடு இவர் உண்கிறாரே என்னும் முணுமுணுப்புக்கு விடையாகவே இளைய மகன் உவமை சொல்லப்பட்டது என்று லூக்கா குறிப்பிடுகிறார். அவ்வுவமையின் முடிவில் விருந்துக்கு வெளியே நிற்பவன் சொத்தை அழித்த இளையவன் அல்லன். ஒரு குற்றமும் செய்யாத மூத்தவன், தம்பியைத் தீர்த்துவிட்ட ஒரே காரணத்தால் வாசலில் நிற்கிறான், அவனையும் உள்ளே அழைக்கத் தந்தை வெளியே வருகிறார். பிறரைத் தீர்ப்பவர் முதலில் வெளியேற்றுவது தம்மையே என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. பந்தியில் பக்கத்து இலையில் யார் அமர வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை உண்பவருக்கு இல்லை. அது பரிமாறுபவருக்கு உரியது.

கோட்டை மதில்கள் பெரும்பாலும் மறைந்து, ஊரின் பெயரில் கோட்டை எஞ்சியுள்ள பாளையங்கோட்டையில், ஒருகாலத்தில் திருச்சபைக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு பெண் எழுப்பிய ஆலயத்தின் நினைவு 200 ஆண்டுகளைக் கடந்தும் வாழ்கிறது. அவர் வாழ்ந்த வாழ்வில் எது பாவம், எது சூழலின் கொடுமை, எது பிறர் செய்த வஞ்சனை என்று பிரித்து எடைபோடும் அறிவு இன்று எவரிடமும் இல்லை, அன்றும் இருக்கவில்லை. அறியாத அந்த இடத்தில் தீர்ப்பு எழுதாமல் அவர் பெயரைப் பதிவேட்டின் முதல் வரியில் எழுதிய கை, நற்செய்தியைச் சரியாகப் புரிந்துகொண்ட கை. அந்தப் பெயருக்குக் கீழே எழுதப்பட்ட 39 பெயர்களுக்கும், அதன்பின் இச்சீமையின் சபைப் பதிவேடுகளில் எழுதப்பட்டு வரும் எண்ணற்ற பெயர்களுக்கும் அதுவே முன்னுரை. ஞாயிறுதோறும் அச்சபைகளின் வாசலில் தயங்கி நிற்கும் ஒருவரைக் காணும்போது, தம் பெயரும் இரக்கத்தினாலேயே இதில் எழுதப்பட்டது என்பதை உள்ளே இருப்பவர் நினைவுகூர்ந்தால், அவருக்கு இடம் விட்டு நகர்ந்து அமர்வது கடினமாக இராது.